ஒன்ராறியோவில் ஒருவர்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

இன்றைக்கும் செத்த மனிதருக்கு மூன்று கடிதங்கள். இந்த வீட்டை வாங்கி ஏழு மாதமாகிறது. பழைய சொந்தக்காரர் ஹார்பிஜருக்குக் கடிதம் வருவது மட்டும் நின்றபாடில்லை. கண் ஆஸ்பத்திரி, நன்கொடைச் சங்கம், பூவிதை விற்கும் கம்பனி. எங்களுக்கு வருவது பில் மட்டும்தான்.

பின்னேரம் என் கணவர் கஜீவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கணினியில் தேடினார். வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர்களுக்கென்றே ஒரு இணையத்தளம் இருக்கிறதாம். பெயர் எங்கிருந்து வந்தது, என்ன பொருள், இன்றைக்கு எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினார். பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சொல். அரசனோ படையோ பயணம் போகும்போது ஒரு நாள் முன்னதாகப் போய், தங்க இடம் பிடித்து, அறையை ஆயத்தம் செய்து வைப்பவருக்கு அந்தப் பெயர். கீழே நாடு, மாகாணம் வாரியாக எண்கள். ஒன்ராறியோ: 1.

"எழுநூறு வருசமா ஒரே பேர், வதனா. எங்களுக்கு அப்பப்பான்ர பேரே பாஸ்போட்டில இல்லை," என்றார்.

அவருக்கு இப்படி ஏதாவது பிடித்துவிட்டால் ஒரு கிழமைக்கு விடமாட்டார். நான் காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாதம். கால் இப்பவே வீங்குகிறது.

செப்டம்பர் 14, சனி

அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பெயர் விஷயம் ஒரு பகிடிதான். கொழும்பில் பாஸ்போட் கந்தோரில் எவனோ ஒருவன் என் பெயரை முன்பின்னாக எழுதியதால், இந்த நாட்டுக் கடதாசிகளில் என் முதற்பெயர் நவரத்தினராசா. அது அப்பாவின் பெயர். அவர் மோசம்போய்ப் பதினொரு வருடம். குடும்ப டொக்டரிடம் போனால் "நவரத்தினராசா" என்று கூப்பிடுவார்கள். நான் எழும்புவேன். எனக்கு அது பழகிவிட்டது. இறந்தவரைக் கூப்பிட்டால் எழும்பி நிற்பவள் நான்.

என் வேலையும் பெயர் கூப்பிடுவதுதான். பிசியோதெரபி கிளினிக்கின் முன் மேசை. யாருடைய பெயரையும் கொலை செய்யாமல் கூப்பிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

செப்டம்பர் 22, ஞாயிறு

விஷயம் இப்போதுதான் வெளியே வந்தது. கஜீவன் மூன்று மாதமாக வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பதிலும் இல்லை. போன கிழமை அதே விண்ணப்பத்தை கஜீவன் ஹார்பிஜர் என்று அனுப்பியிருக்கிறார். இரண்டாம் நாளே நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் வரவேற்பறையில் இருந்தாராம். ஒரு பெண் வந்து, இவரைத் தாண்டி வாசலைப் பார்த்து, "மிஸ்டர் ஹார்பிஜர் இன்னும் வரேல்லையோ" என்று மற்றவளிடம் கேட்டாளாம். இவர் எழும்பவில்லை. பஸ் எடுத்து வந்துவிட்டார்.

சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

பிறகு சொன்னார், பிள்ளைக்காவது அந்தப் பெயரை வைப்போமென்று. சின்னப் பெயர், எவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாறாது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, சனி

சண்டை. பெரிய சண்டை.

டேகெயரில் பிள்ளைக்கு இடம் பதிந்துவிட்டாராம். இங்கே வயிற்றில் இருக்கும்போதே வரிசையில் நிற்காவிட்டால் இரண்டு வருடத்துக்கு இடம் கிடைக்காது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். பதிந்த பெயர்: பேபி ஹார்பிஜர்.

பிறக்காத பிள்ளைக்கு இடம் பிடிக்கிறதோ? ஒரு சட்டைகூட வாங்கக் கூடாது என்றுதானே நாங்கள் இருவரும் கதைத்து வைத்தது. தொட்டில் இல்லை, துவாய் இல்லை, மேலே சின்ன அறையைக் கூட்டிக்கூட வைக்கவில்லை. முதல் முறை எல்லாம் வாங்கி அடுக்கினோம். 2023 பெப்ரவரியில், ஏழாம் மாதத்தில், அவள் மூச்சில்லாமல் பிறந்தாள். பிறகு அந்தச் சட்டைகளை ஆர் கொண்டுபோய்க் குடுத்தது? நான்தானே.

அவளுக்குப் பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். முப்பத்தோராம் நாளுக்கு முதல் பெயர் வைப்பதில்லை என்று நான் சொன்னேன். அவளுக்கு ஒரு நாள்கூட இருக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டோம்.

அக்டோபர் 8, செவ்வாய்

கிளினிக்கில் ஆள் குறைவு. சும்மா அந்தப் பெயர்த் தளத்தைத் திறந்து பார்த்தேன்.

ஒன்ராறியோ: 2.

வீட்டுக்கு வந்து காட்டினேன். உதெல்லாம் அவங்கள் குத்துமதிப்பாப் போடுறது என்றார். போன மாதம் மட்டும் குத்துமதிப்பில்லையோ என்று கேட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பார்க்கக் கிறிஸ்துநாயகம் அண்ணை வந்தார். ஸ்காபரோவில் பாதித் தமிழ் வீடுகளின் சூடு அவர் கையில்தான் இருக்கிறது. அளந்து கதைக்கிறவர். நிலக்கீழ் அறையில் வேலை முடித்து, ஒவ்வொரு அறையாகக் காற்று வருகிறதா என்று பார்க்க மேலே போனார். நான் கீழே தேத்தண்ணி போட்டேன்.

இறங்கி வரும்போது பூனை மாதிரி வந்தார். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சின்னப்பிள்ளை நல்ல நித்திரை, தங்கச்சி. நான் மெதுவாக் கதவைச் சாத்திப்போட்டு வந்தனான்."

எந்தப் பிள்ளை, அண்ணை?

அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு படியைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். வேறு வீட்டு நினைவில் சொல்லிவிட்டேன் போல என்றார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டதை நான் காணவில்லை என்று நினைத்திருப்பார்.

அக்டோபர் 18, வெள்ளி

சின்ன அறைக் கதவு சாத்தியபடியே இருக்கிறது. நான் திறக்கவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

திறந்தேன். பட்டப்பகல், பன்னிரண்டு மணி வெயில். எனக்கென்ன பயம்?

ஒன்றும் இல்லை. ஜன்னல், கம்பளம், பழைய மனிதர் விட்டுப்போன ஒரு மரக்கதிரை. ஆனால் அறை சூடாக இருந்தது. வீட்டில் மற்ற எந்த அறையும் அப்படி இல்லை. ஆள் எழும்பிப் போன படுக்கையில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு.

அண்ணைக்குப் போன் எடுத்துக் கேட்டேன், அந்த அறைக்கு எந்தக் குழாயால் காற்றுப் போகிறதென்று. அந்த அறைக்குக் குழாயே போகேல்லை, தங்கச்சி என்றார்.

நவம்பர் 7, வியாழன்

டேகெயரிலிருந்து அழைப்பு. ஹார்பிஜர் பிள்ளைக்கு இடம் வந்துவிட்டதாம், திங்கட்கிழமை தொடங்கலாமாம். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்றேன். அந்தப் பெண் ஏதோ தட்டிப் பார்த்தாள். இல்லையே, நடக்கிற பிள்ளைகளின் வகுப்புக்குத்தானே இடம், பெண் பிள்ளை, பிறந்தது 2023 பெப்ரவரி என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

கஜீவன் சத்தியம் பண்ணுகிறார், 2025 ஜனவரி என்றுதான் போட்டாராம். மனிதன் பொய் சொல்லவில்லை. முகம் வெளிறிப்போய் நின்றார். ஆனாலும் விடவில்லை. "நீர் ஏன் பயப்பிடுறீர்? கணினி பிழை விடுறதுதானே."

எனக்கு என்ன பயமென்று இங்கேயாவது எழுதுகிறேன். அவள் வந்திருக்கிறாள். ஏன் வந்திருக்கிறாள்? தனியாக இருக்க ஏலாமல் இதையும் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாளோ? ஐயோ, நான் என்னண்டு ஒரு பிள்ளையிட்டை இருந்து மற்றப் பிள்ளையைக் காப்பாத்துறது? ரெண்டும் என்ர பிள்ளையள்தானே.

நவம்பர் 16, சனி

பழைய சொந்தக்காரரின் தங்கை வந்தாள். பெயர் மெலிசா ஹார்பிஜர், பிக்கரிங்கில் தனியாக இருக்கிறாள். அறுபது வயதிருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள், புருவம் இல்லை. நோய் என்னவென்று நான் கேட்கவில்லை. அண்ணனின் கடிதங்களைச் சேர்த்து வைத்ததற்கு நன்றி சொன்னாள். ஒன்ராறியோவில் அந்த ஒருவர் இவள்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். மேலே கூட்டிப் போனேன். சின்ன அறை வாசலில் நின்றவள் உள்ளே போகவில்லை. கிறிஸ்துநாயகம் அண்ணை மாதிரியே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக என் சொந்தத் தங்கைக்குச் சொல்லாததையெல்லாம், படி மேல் இருந்துகொண்டு, முன்பின் தெரியாத அந்த மனுஷிக்குச் சொன்னேன். ஏழாம் மாதம், பெயரில்லாதவள், குழாயில்லாத அறையின் சூடு. கஜீவன் அவளுடைய பெயரை எடுத்துப் பாவித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. தனக்குப் பிறகு அதைக் கொடுக்க ஆளில்லை என்றாள்.

பிறகு சொன்னது இது. ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "அரசன் வரும் நாளை எல்லோரும் எழுதி வைத்தார்கள். முன்னே போய் அவனுக்கு நெருப்பு மூட்டி வைத்தவனை ஒருவரும் எழுதவில்லை. அவனுக்கு அவன் செய்த வேலைதான் பெயர். நாங்கள் அந்த ஆட்கள்."

போகும்போது என் வயிற்றைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டாள். கை ஜில்லென்று இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

என் மூத்தவள் ஆயத்தம் செய்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே? எந்த வீட்டில் அறையைச் சூடாக்கி வைக்கிறாள்? இந்த வீட்டிலா, அவள் போன அந்த வீட்டிலா?

டிசம்பர் 3, செவ்வாய்

ஏழாம் மாதம் முடிந்தது. எண்ணக் கூடாதென்று நினைத்தும் எண்ணினேன். பிள்ளை உதைக்கிறான். ஆண் பிள்ளை என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

வெளியே பனி. பகல் முழுக்கச் சின்ன அறை மரக்கதிரையில் இருந்தேன். கீழே கஜீவன் தொலைபேசியில் யாரோடோ கதைக்கும் சத்தம். அறை சூடு. எனக்கு இப்போது பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். வந்தவளுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்காத வீட்டுக்காரி மாதிரி. கூப்பிட்டுக் கதைக்கலாமென்று வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஊரிலுள்ள எல்லோருடைய பெயரையும் பிழையில்லாமல் கூப்பிடுகிறவள் நான்.

கஜீவன் மேலே வந்து வாசலில் நின்றார். கதிரையில் நான் இருக்கும் விதத்தைப் பார்த்தார். அவரும் உள்ளே வரவில்லை. "உந்த அறை எப்பவும் இப்பிடித்தானோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு கணினி பிழை என்ற கதையை அவர் எடுக்கவில்லை.

ஜனவரி 9, 2025, வியாழன்

காலையிலிருந்து அசைவில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், இடப்பக்கம் படுத்தேன். இல்லை. கஜீவன் கார் எடுக்கப் போய்விட்டார். நான் ஓடிப்போய்ச் சின்ன அறையைத் திறந்தேன்.

குளிர். ஐஸ்பெட்டிக் குளிர். அங்க ஒருத்தரும் இல்லை. எங்க போனாய்? எங்க போனாய் பிள்ளை? அவனை விட்டிட்டுப் போ—

கார் வந்துவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

இருக்கிறான். முதலில் அதை எழுதுகிறேன். என் பக்கத்தில் கண்ணாடித் தொட்டிலில் படுத்து, ஒரு கையை வெளியே விட்டுக்கொண்டு நித்திரை கொள்கிறான்.

இனி நடந்தது. ஆஸ்பத்திரியில் "நவரத்தினராசா" என்று கத்திக் கூப்பிட்டார்கள். இந்த முறை எழும்பி நிற்க ஏலவில்லை, வண்டிலில் வைத்து ஓடினார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் என்னோடு கதைத்தார்கள். பிள்ளையின் கழுத்தில் கொடி இரண்டு சுற்று. வெட்டி எடுக்க வேண்டும். கஜீவனுக்குப் பச்சைச் சட்டை மாட்டித் தலைமாட்டில் இருத்தினார்கள்.

சத்திரசிகிச்சை அறை எலும்பு வரை குளிரும். போன முறையிலிருந்தே அந்தக் குளிர் எனக்குத் தெரியும். எனக்குப் பல் கிட்டியது. மூலையில் பிள்ளையைப் போட்டுச் சூடாக்கும் சின்ன மேசை, மேலே விளக்கு. எல்லாம் ஒரே அவசரம், அதை ஆயத்தம் செய்ய யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஒரு தாதி அதைப் போட ஓடினாள். போய் நின்றுவிட்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விரிப்பு நல்ல சூடு. "ஆர் இதை முதலே போட்டது?" என்று மற்றவளைக் கேட்டாள். நான் போடவில்லை என்றாள் அவள். நானும் இல்லை என்றாள் இன்னொருத்தி. யார் போட்டால் என்ன, நல்லதாய்ப் போயிற்று என்று டொக்டர் அதட்டினார்.

கஜீவன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

நீலமாக வந்தவனை அதில் போட்டார்கள். சத்தமில்லை. சத்தமில்லை. பிறகு அழுதான்.

அவள் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. நான் எவ்வளவு பெரிய விசரி.

ஜனவரி 20, திங்கள்

வீடு. மெலிசாவுக்குச் சொல்ல வேண்டுமென்று போன் எடுத்தேன். அவளுடைய சிநேகிதி எடுத்தாள். பொங்கலுக்கு முதற்கிழமை மோசம்போய்விட்டாளாம், அமைதியாக. கடைசி நாளில் அறை நல்ல சூடாக இருக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னாளாம். சிநேகிதி அதை மருந்தின் மயக்கம் என்கிறாள். நான் அழுதேன்.

பெப்ரவரி 8, சனி

முப்பத்தொன்று. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் நாள். அதிகம் பேரைக் கூப்பிடவில்லை.

கஜீவனோடு நேற்றே கதைத்து முடித்தோம். மகனுக்கு ஹார்பிஜர் வேண்டாம் என்று அவரேதான் சொன்னார். அது ஏற்கெனவே ஆளுள்ள பெயர் என்றார். மகனுக்கு வழக்கப்படி தகப்பன் பெயர்: ஆதிரன் கஜீவன். காதில் மூன்று தடவை சொன்னோம். மூன்றாவது தடவை கொட்டாவி விட்டான்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு நாங்கள் இருவரும் மேலே போனோம். அறை குளிர்ந்துதான் கிடந்தது, அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் சூடாகவில்லை. கதிரைக்கு முன்னால் நின்றோம். இரண்டு வருடம் பிந்திய முப்பத்தொன்று. நான்தான் கூப்பிட்டேன். கிளினிக்கில் கூப்பிடுவதுபோல, தெளிவாக, மூன்று தடவை. அட்சயா ஹார்பிஜர்.

கீழே வந்து பரிமாறினேன். யாருக்கும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதவில்லை. இந்த வரியைத் தவிர.

மார்ச் 11, செவ்வாய்

பிள்ளை நித்திரை. இன்றைக்கு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்ராறியோ: 1. மெலிசா போனதை இன்னும் திருத்தவில்லைப்போல என்றார் கஜீவன். அக்டோபரில் இரண்டு இருந்ததே என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

மத்தியானம் டேகெயரிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதே பெண். வரிசையைச் சரிபார்க்கிறார்களாம். அட்சயா ஹார்பிஜருக்கு இன்னும் இடம் தேவையா என்று கேட்டாள். முழுப் பெயரையும், ஒரு எழுத்துப் பிசகாமல், சொல்லிக் கேட்டாள்.

தேவையில்லை, வேறு பிள்ளைக்குக் கொடுங்கள், அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றேன்.

நல்லது என்று சொல்லி அவள் போனை வைத்தாள். நான் போய்ப் பிள்ளையின் பால் போத்தல்களைக் கழுவினேன்.